திரையில கடிச்ச பல், கையில கடிக்கலை

ரெண்டு மாசமா நம்ம கடைப்பக்கம் எட்டியே பார்க்கலை. "பய ஜெர்மனியில பியர்ல விழுந்துட்டான்"னு நாலு பேராவது நினைச்சிருப்பீங்க. விழுந்தது நிஜம்தான். ஆனா விழுந்த இடம் எங்க டிபார்ட்மென்ட் பட்டறை. எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டு எழுதற பதிவு இது.

கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம். இஞ்சினியரிங் படிக்காதவங்க பயந்து ஓட வேண்டாம். பிறந்த நாள் கேக்கை முக்கோணம் முக்கோணமா நறுக்கறதைப் பார்த்திருந்தா போதும், மிச்சம் நானே சொல்லிடறேன். படிச்சவங்க தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. திட்டு உங்களுக்கும் எனக்கும்தான் :-)

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். கேட் மென்பொருள்ல ஒரு பாகத்தை வரையறதுக்கு முன்னாடி, அதை மெஷின்ல எப்படி வெட்டுவாங்க, அடுத்த பாகத்தோட எப்படி உக்காரும்னு வாயால சொல்லத் தெரியணும். அது தெரியாம வரைஞ்சா நாம வரையறது வெறும் படம். இதை நான் 2 அலுமினியத் துண்டைக் குப்பைக்கு அனுப்பித்தான் கத்துக்கிட்டேன்.

விஷயம் என்னன்னா, என் தீசிஸுக்கு ஒரு சின்ன சோதனை மேடை கட்டணும். அதுல ஒரு கை இருக்கு, நுனியில சென்சார். அந்தக் கையை 10 டிகிரி 10 டிகிரியா சாய்ச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ஆடாம பூட்டி வைக்கணும். கழட்டி மாட்டினாலும் அதே இடத்துல வந்து நிக்கணும். "ஹிர்த் பல் போட்டுடு"ன்னு சொல்லிட்டு கைடு காபி குடிக்கப் போயிட்டார்.

ஹிர்த்துங்கறது ஒரு ஆளோட பேரு. ஆல்பர்ட் ஹிர்த், 1858ல இருந்து 1935 வரைக்கும் வாழ்ந்த ஜெர்மன்காரர். கிளைடர் உலகத்துல பேர் போன வோல்ஃப் ஹிர்த் இவரோட பையன். அப்பாவோட பேரு இந்தப் பல்லுல நிக்குது. ரெண்டு உருளையை முகத்துக்கு முகம் வச்சு, அந்த முகத்துல சைக்கிள் ஸ்போக் மாதிரி நடுவுல இருந்து வெளியே போற பற்களை வெட்டி, ஒண்ணோட பள்ளத்துல இன்னொண்ணோட பல் போய் உக்கார்ற மாதிரி செய்யறது. நடுவுல ஒரு போல்ட் போட்டு இறுக்கினா, சாய்வான பக்கங்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளித் தானாவே நடு மையத்துக்கு வந்துடும். முறுக்கு விசையும் தாங்கும், இடமும் மாறாது.

சி.என்.சி. லேத்துல டூல் டர்ரெட் திரும்பி வந்து ஒரே இடத்துல நிக்குதே, அதுக்குள்ள இருக்கறது பெரும்பாலும் இந்தப் பல்தான். காம்பன்யோலோ சைக்கிள் கம்பெனியோட அல்ட்ரா-டார்க் கிராங்க்ல அச்சு ரெண்டு பாதியா வந்து நடுவுல இந்தப் பல்லாலதான் சேருது. 1950கள்ல போர்ஷே 356 கரேரா காருக்குப் போட்ட எஞ்சின்ல கிராங்க் ஷாஃப்டையே துண்டு துண்டா செஞ்சு இப்படித்தான் கோர்த்தாங்க. ஜெட் எஞ்சின் ரோட்டர்கள்ல இதோட பங்காளி ஒண்ணு உண்டு, கர்விக்னு பேரு. அதுல பல் நேரா இல்லாம வளைஞ்சிருக்கும்.

இவ்வளவு பெரிய இடத்துச் சரக்கை நான் 20 நிமிஷத்துல முடிச்சேன். எப்படின்னு கேளுங்க.

40 மில்லி விட்டத்துல உருளை. நடுவுல 24 மில்லி ஓட்டை. மேல் முகம் தட்டையா. 10 டிகிரிக்கு ஒரு பல்னா 360க்கு 36 பல். வெளி ஓரத்துல 60 டிகிரியில ஒரு 'வி' வரைஞ்சேன், ஆழம் 3 மில்லி சொச்சம். கேக் துண்டு மாதிரி உள்ளே போகப் போக ஒடுங்கணும் இல்லையா, அதனால மேல் முகத்தோட நடுப்புள்ளிக்கு லாஃப்ட் கட் கொடுத்தேன். ஒரு பள்ளம் வந்துச்சு. சர்க்குலர் பேட்டர்ன், 36. முடிஞ்சுது. அப்பளப்பூ மாதிரி அவ்வளவு அழகு.

அதே மாதிரி இன்னொண்ணு. அசெம்ப்ளியில கொண்டு வந்து கவுத்துப் போட்டேன். பல்லுக்கு மேல பல் நின்னுச்சு, அதனால பாதிப் பல் அளவுக்கு, அதாவது 5 டிகிரி திருப்பினேன். 3 மில்லி உள்ளே இறக்கினேன். வெளியில இருந்து பார்த்தா முடி நுழைய இடமில்லை. மெட்டல் கலர் கொடுத்து, வெளிச்சம் போட்டு, ரெண்டு கோணத்துல படம் எடுத்து வாராந்தர மீட்டிங்ல காட்டினேன். கைடு தலையை ஆட்டினார். முன்ஜாக்கிரதையா ஒரு பாதியை மட்டும் 3டி பிரிண்ட்லயும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அழகா இருந்துச்சு. ஒரு பாதி எப்பவுமே அழகாத்தான் இருக்கும்கறது அப்போ உறைக்கலை.

பட்டறையில 3 வாரம் வரிசை. எங்க மைஸ்டர், பட்டறைத் தலைவர், அறுபதை நெருங்கற மனுஷர். வரைபடத்தைப் பார்த்துட்டு "உறுதியா இப்படித்தானா?"ன்னு ஒரு தடவை கேட்டார். ஜெர்மன்காரங்க உறுதியான்னு கேட்டா அதுக்குள்ள ஒரு பாராவே அடங்கியிருக்கும்னு அப்போ எனக்குத் தெரியாது. "உறுதி"ன்னேன். சரின்னுட்டார்.

3 வாரம் கழிச்சுப் போனேன். ரெண்டு துண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சார். ஒண்ணும் பேசலை. என்னைப் பார்க்கச் சொல்லிக் கையில கொடுத்தார்.

வெளி ஓரம் முழுக்க வெளிச்சம். பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல சுத்திலும் இடைவெளி, 1.2 மில்லி. உள்ளே ஓட்டையை ஒட்டின விளிம்புல மட்டும் முட்டிக்கிட்டு நின்னுச்சு. விரலால தட்டினா ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது. இதை நம்பி சென்சாரை மாட்டியிருந்தா என் தீசிஸ்ல இருக்கற ஒவ்வொரு எண்ணும் பொய்யாயிருக்கும்.

"மெஷின் தப்பா?"ன்னு கேட்டேன் பாருங்க, அதுதான் இந்தக் கதையிலயே கேவலமான இடம். "மெஷின் நீ கொடுத்த ஃபைலைத்தான் வெட்டுச்சு"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன். எங்க அப்பா கோயமுத்தூர் கணபதியில ஒரு பட்டறையில மில்லிங் மெஷின் ஓட்டறவர். 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. பழைய நூல் மில் மெஷின்களுக்கு ஸ்பேர் வெட்டித்தான் என்னைப் படிக்க வச்சார். வழக்கமா அவர்கிட்ட சாப்பாடு, குளிரு, பணம் இது மூணு தவிர நான் எதுவும் பேசினதில்லை. அன்னிக்கு என்னவோ வாய்ல வந்துடுச்சு.

"ஏஞ்சாமி, பல்லெல்லாம் நடுவுல போய் ஒரு எடத்துல கூடுமில்ல. அந்த எடம் எங்க வச்சே?"

"மேல் முகத்துலதானுங்கப்பா. நடு சென்டர்ல."

"ரெண்டு ஜாபுலயுமா?"

"ஆமாங்க."

"அப்பறம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு 3 மில்லி எறக்குனா, அந்த ரெண்டு எடமும் 3 மில்லி தள்ளிப் போயிருமே கண்ணு. அது ரெண்டும் ஒரே எடத்துல வந்து நின்னாத்தான பல்லு ஒக்காரும்?"

போன்ல நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அவர் லைன் கட் ஆயிடுச்சுன்னு நினைச்சு "ஹலோ, ஹலோ"ங்கறார்.

அவ்வளவுதாங்க மொத்த விஷயமும். 4 வருஷம் பி.இ., ஒண்ணரை வருஷம் எம்.எஸ். படிச்சு நான் பார்க்காததை, வரைபடத்தையே பார்க்காம ஒரு கேள்வியில பிடிச்சுட்டார். அவர் ஹிர்த்ங்கற பேரையே கேட்டதில்லை. ஆனா மில் மெஷின்களுக்குப் பல் கிளட்ச் வெட்டியிருக்கார். அதுக்கு டிவைடிங் ஹெட்டைச் சாய்க்கணும், எவ்வளவு சாய்க்கணும்னு கணக்குப் போடணும். கணக்கு தப்பினா ஜாப் போச்சு, அன்னிக்குக் கூலியும் போச்சு. அதனால பல் எங்கே போய்ச் சேருதுங்கறது அவருக்கு முதல் கேள்வி. எனக்கு அது லாஃப்ட் கமாண்ட்ல க்ளிக் பண்ற ஒரு புள்ளி.

இனி கணக்கு. பிடிக்காதவங்க நேரா அடுத்த பகுதிக்குத் தாவிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

பல்லோட அகலம் நடுவுல இருந்து வெளியே போகப் போகக் கூடுது. பக்கச் சாய்வு 60 டிகிரியிலயே நிக்கணும்னா உயரமும் கூடியே ஆகணும். அதனால தட்டை முகத்துல இது நடக்கவே நடக்காது. பல்லோட நுனி வெளியே போகப் போக மேலே ஏறணும், பள்ளத்தோட அடி அதே அளவு கீழே இறங்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தளம், அச்சுல ஒரு புள்ளி. எல்லாக் கோடும் அந்தப் புள்ளிக்குத்தான் போகணும். ரெண்டு பாகமும் சேரும்போது அந்தப் புள்ளி ரெண்டுக்கும் பொது.

1. முதல்ல உருளையை ரிவால்வ் பண்ணும்போதே மேல் முகத்தை ஆழமில்லாத கிண்ணம் மாதிரி வரையணும். அச்சுல இருக்கற பொதுப்புள்ளியில இருந்து வெளியே ஏறிப் போற கோடு. ஓட்டையை இப்பவே போட்டுடுங்க. இல்லைன்னா எல்லாப் பள்ளமும் ஒரே புள்ளியில கூடற இடத்துல மென்பொருள் தகராறு பண்ணும்.

2. வெளி ஓரத்தைத் தொட்டுக்கிட்டு நிக்கற தளத்துல 'வி' வரையணும். பொதுப்புள்ளியோட உயரத்துல அதோட பாதி அகலம் = ஆரம் × டான்(90/பல் எண்ணிக்கை). எனக்கு 20 × டான் 2.5 டிகிரி, அதாவது 0.873 மில்லி. 60 டிகிரி 'வி'க்கு அடி, அந்த உயரத்துக்குக் கீழே 1.51 மில்லி. நுனி மேலே அதே 1.51. கிண்ணத்தோட ஏற்றம் 4.3 டிகிரி வரும்.

3. அந்த 'வி'யை பொதுப்புள்ளிக்கு லாஃப்ட் கட். அப்புறம் பேட்டர்ன், 36.

4. நுனியைக் கொஞ்சம் சீவி விடணும், பள்ளத்து அடியில சின்ன ரேடியஸ் கொடுக்கணும். சீவினதைவிட ரேடியஸ் நல்லாவே சின்னதா இருக்கட்டும். முட்ட வேண்டியது பக்கங்கள் மட்டும்தான், நுனி போய் அடியில இடிக்கக் கூடாது.

5. ரெண்டாவது பாகம்னு தனியா ஒண்ணு வேண்டாம். அதே பல்லைத்தான் கவுத்து, 5 டிகிரி திருப்பி, புள்ளியோட புள்ளி சேர்க்கணும்.

நான் செஞ்ச தட்டை முகத்துல என்ன ஆச்சுன்னா, வெளி ஓரத்துல பள்ளத்தோட ஆழம் 3.02, ஆனா உள் விளிம்புல, 12 மில்லி ஆரத்துல, 1.81தான். அடுத்த பாகத்தோட பல் நுனியும் தட்டை. உள்ளே 1.81 இறங்கினதும் முட்டி நின்னுடுச்சு. வெளியில மிச்சம் 1.21. ஜன்னல்ல நான் பார்த்த வெளிச்சம் இதுதான்.

சரி, அப்போ திரையில எப்படி முடி நுழையாம கடிச்சுது? அங்கதான் எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. கணினிக்குள்ள ரெண்டு இரும்பு ஒரே இடத்துல உக்காரும், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நான் 3 மில்லி இறக்கினப்போ உள் விளிம்புல ஒரு பாகம் இன்னொண்ணுக்குள்ள 1.2 மில்லி புகுந்து கிடந்துச்சு. வெளியில இருந்து பார்த்த எனக்கு அது தெரியலை. இதைக் கண்டுபிடிக்க இன்டர்ஃபியரன்ஸ் செக்னு ஒரு கமாண்ட் இருக்கு. சாலிட்வொர்க்ஸ், கிரியோ, ஃப்யூஷன்னு எதை எடுத்தாலும் உண்டு. ஒரு க்ளிக். நான் பண்ணலை. ரெண்டரிங்க்கு மட்டும் அரை நாள் செலவழிச்சேன்.

இப்போ திட்டுற பகுதி.

நம்ம ஊர்ல கேட் கத்துக்கறதுன்னா என்ன? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில ஒரு சென்டர். 45 நாள், 60 நாள். எத்தனை மென்பொருள் பேர் சர்டிஃபிகேட்ல வருதோ அவ்வளவு கெத்து. பயிற்சிக்குக் கொடுக்கற படத்துல எல்லா அளவும் ஏற்கெனவே இருக்கும். நாம அதைப் பார்த்துத் திரும்ப வரையணும், யார் முதல்ல முடிக்கறாங்கன்னு போட்டி வேற. "இந்த அளவு ஏன் இப்படி?"ன்னு நான் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை, என்னை யாரும் கேட்டதும் இல்லை. வேகமா க்ளிக் பண்ணத் தெரிஞ்சுது. அதையே டிசைன்னு நம்பிட்டேன்.

காலேஜ்ல முதல் வருஷம் ஒர்க்ஷாப் லேப் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஃபிட்டிங்ல 'வி' ஜாயின்ட். ரெண்டு தகட்டை அரத்தால ராவி ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்கார வைக்கணும். சார் அதை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பார். மைஸ்டர் செஞ்சது அப்படியே அதேதான்! அந்த லேப்ல நான் என்ன பண்ணேன்னா, லேப் அண்ணன்கிட்ட கெஞ்சி அவரை வச்சே ராவி வாங்கிட்டு, ரெக்கார்ட் நோட்டை சீனியர்கிட்ட இருந்து காப்பி அடிச்சேன். "நாம என்ன ஃபிட்டராவா போகப் போறோம்?"னு சிரிச்சதும் ஞாபகம் இருக்கு. வீட்டுல மில்லிங் மெஷின் ஓட்டற அப்பாவை வச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சவன் நான். இதை எழுதவே கொஞ்சம் கூசுது. ஆனா எழுதாம விட்டா பதிவு பாதிதான்.

கையில அழுக்கு படற வேலை ஐ.டி.ஐ. ஆளுக்கு, மவுஸ் பிடிக்கிற வேலை நமக்குன்னு நாமளே ஒரு கோடு போட்டு வச்சிருக்கோம். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற அறிவு இந்தப் பக்கம் வர்றதே இல்லை. இங்கே ஜெர்மனியிலயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. கைடு என் படத்துக்குத் தலையாட்டினவர்தானே. ஆனா மைஸ்டருக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. அவர் கேள்வி கேட்டா ப்ரொஃபசர் நின்னு பதில் சொல்றார். நான்தான் அந்தக் கேள்வியை மதிக்கலை.

"இதுக்கெல்லாம் ரெடிமேட் மாடல் கிடைக்குமே, ப்ளக்-இன் இருக்குமே, இப்போ ஏ.ஐ. கிட்ட சொன்னா அதுவே வரைஞ்சு கொடுத்துடுமே"ன்னு ஒருத்தர் வருவார். வரட்டும். நானும் போல்ட், நட், பேரிங் எல்லாம் இறக்கித்தான் போடறேன், அதையெல்லாம் உக்காந்து வரையறது வெட்டி வேலை. ஆனா இறக்கின மாடல் சரியா தப்பான்னு பார்க்க நம்மகிட்ட ஒரு கேள்வி இருக்கணும் இல்லையா? எனக்கு ஒரு பல் மாடல் தட்டை முகத்தோட வந்திருந்தா சந்தோஷமா வாங்கிப் போட்டிருப்பேன். யார் வரைஞ்சாலும் எல்லாக் கோடும் எங்கே போய்ச் சேருதுன்னு ஒரு தடவை பாருங்க. உள் விளிம்புல ஒண்ணு, வெளி விளிம்புல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல வெட்டிப் பாருங்க. இன்டர்ஃபியரன்ஸ் செக்கைத் தட்டுங்க. மூணுக்கும் சேர்த்து 5 நிமிஷம் ஆகாது.

அதுக்காக "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு புலம்பற பதிவா இதை எடுத்துக்காதீங்க. அப்பாவுக்கு கேட் தெரியாது. பல்லை 36ல இருந்து 72 ஆக்கணும்னா நான் ஒரு எண்ணை மாத்தினா போதும், அவர் முழுசும் திரும்பக் கணக்குப் போடணும். அவர் வேலையை நான் செய்ய முடியாது, என் வேலையை அவரும் செய்ய முடியாது. ஆனா அவர் கேக்கற கேள்வியை நான் கத்துக்கலாம். போன்ல கேட்டேன், "36 பல்லுக்கு டிவைடிங் ஹெட்டை எவ்வளவுங்கப்பா சுத்துவீங்க?" யோசிக்கவே இல்லை. "ஒரு முழுச் சுத்து, 18 ஓட்டைத் தட்டுல 2 ஓட்டை." கைப்பிடி 40 சுத்தினா ஜாப் ஒரு சுத்து. 40ஐ 36ஆல வகுத்துப் பாருங்க, சரியா வரும்.

புதுத் துண்டு போன வாரம் வந்துச்சு. அதுக்காக இன்னொரு 3 வாரம் காத்திருந்ததுல சப்மிஷன் தேதி தள்ளிப் போயிடுச்சு. கைடுக்கு அதுல வருத்தம்தான். வரைபடத்தைக் கொடுக்கும்போது மைஸ்டர் கேக்கறதுக்கு முன்னாடி நானே "உங்களுக்கு இதுல ஏதாவது இடிக்குதா?"ன்னு கேட்டேன். நுனி சீவற அளவை மட்டும் மாத்தச் சொன்னார். மாத்தினேன். இந்தத் தடவை ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தோம். பக்கங்கள் சேர்ற இடத்துல வெளிச்சம் இல்லை. போல்ட் போட்டு இறுக்கினா அசையவே மாட்டேங்குது.

ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்து ரொம்ப நேரம் பதிலே இல்லை. பெரிசு பண்ணிப் பார்த்திருக்கார் போல. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "நல்லாருக்கு சாமி. மூணாவது பல்லுல பிசிறு எடுக்கல பாரு."

போய்ப் பார்த்தேன். எடுக்கலை.

டிஸ்கி: மேலே கொடுத்த கணக்கு முனை சீவாத கூர்ப் பல்லுக்கு. அப்படியே எடுத்துட்டுப் போய் வெட்டக் கொடுத்துட்டு என்னைத் திட்டாதீங்க. பட்டறையில வேலை பார்த்தவங்க, வீட்டுல பார்த்தவங்க இருக்கறவங்க இந்த மாதிரி கதை இருந்தா எழுதுங்க. படிக்க நான் இருக்கேன்.